இரண்டாவது தடவை

"லுவோ வாத்தியாரைப் பார்க்கணும்" என்றார் கெங்.

மருத்துவக் கல்லூரிக் காவலாளி அவரை மேலும் கீழும் பார்த்தார். காலணியில் உருளைக்கிழங்கு வயல் மண் காய்ந்து ஒட்டியிருந்தது.

"எந்த லுவோ? என்ன பாடம் எடுக்கறாரு?"

"பாடமா? எங்க மாஜியா ஊர்ல ஊசி போட்டுக்கிட்டு இருந்தவன். இப்ப இங்க வாத்தியாரா இருக்கானாம். அவன் தங்கச்சி மகன் ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியறான்."

"அண்ணே, இங்க இருக்கறவங்க எல்லாம் பெரிய பெரிய படிப்புக்காரங்க. ஊசி போட்டவனை யாரு சேர்ப்பா?"

"அதைத்தான் நானும் கேக்க வந்திருக்கேன்."

கெங்கின் சட்டைப் பையில் ஒரு மாத்திரைப் புட்டி இருந்தது. அவர் மனைவி ருன்மேய்க்கு லுவோ கொடுத்தது. வயிற்று வலி என்று போனவளை, வரிசை நீளம் என்று மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தபடியே விசாரித்து, குடல்புண்ணுக்கு மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டான். பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்தபோது புற்றுநோய் கல்லீரல் முழுக்கப் பரவியிருந்தது.

அவள் போன பிறகு அவள் பெயரை ஊரில் யாரும் சொல்லவில்லை. கெங்கும்தான்.

அடுத்த வருஷமே அரசாங்கம் ஊர் மருந்தகத்தை மூடி டவுன் ஆஸ்பத்திரியோடு சேர்த்துவிட்டது. லுவோ ஊரை விட்டே போனான். துக்கம் கேட்கக்கூட வரவில்லை.

புட்டியை அவன் மேசைமேல் வைக்க வேண்டும். 'தப்பு பண்ணிட்டேன்' என்று அவன் வாயால் ஒரு வார்த்தை கேட்க வேண்டும். கெங்குக்கு வேறு ஆசை எதுவும் மிச்சமில்லை.

பஸ்ஸில் தின்ற ஆறிப்போன ரொட்டி வேலையைக் காட்டியது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்தார்.

"என்ன தாத்தா, வயிறா?"

வெள்ளை அங்கி போட்ட பெண். மாணவி. காவலாளியின் பெஞ்சில் அவரைப் படுக்க வைத்தாள். வயிற்றில் கை வைத்து நிதானமாக அழுத்திப் பார்த்தாள். பிறகு கண்ணை மூடி, உதட்டுக்குள் ஏதோ முணுமுணுத்து, அதே இடங்களில் மறுபடி அழுத்தினாள்.

"ஒரு தடவை பார்த்தா போதாதா? ரொட்டிக்கு மாவா பிசையறே?"

சிரித்தாள். "வாயுதான் தாத்தா, பயப்படாதீங்க. சுடுதண்ணி குடிங்க, சரியாயிடும். ரெண்டு தடவை பார்க்கறது எங்க லுவோ வாத்தியார் பழக்கினது."

கெங் எழுந்து உட்கார்ந்தார். "மாஜியா ஊர் லுவோவா?"

"ஆமா. உங்களுக்குத் தெரியுமா?"

"நல்லாத் தெரியும். அவன்கிட்ட கூட்டிட்டுப் போ."

அவள் சிரிப்பு போய்விட்டது. "அவர் பேச மாட்டாரு தாத்தா."

"என்கிட்ட பேசுவான். பேச வைக்கிறேன்."

"நீங்க அவருக்குச் சொந்தமா?"

"சொந்தத்தை விட நெருக்கம்."

கட்டடத்துக்குப் பின்னால் சின்னத் தோட்டம். நடுவில் கறுப்புக் கல், அதில் வரிசையாகப் பெயர்கள். கெங்குக்குப் படிப்பு அவ்வளவாகக் கிடையாது. ஆனால் மருந்தகப் பலகையில் வருஷக்கணக்காகப் பார்த்த பெயர் மறந்துபோகுமா?

"கல்லுல பேர் வேற வெட்டியாச்சா? பாவம் பண்ணினவனுக்கு நல்ல மரியாதைதான்."

அப்புறம்தான் கல்லின் அடியில் கிடந்த பூக்களைப் பார்த்தார். வெள்ளைச் சாமந்தி.

"உயிரோட இருக்கறவனுக்கு யாரும்மா வெள்ளைப் பூ வைப்பா?"

"படிப்புக்காக உடம்பைத் தானம் பண்ணினவங்களைத்தான் தாத்தா நாங்க வாத்தியார்னு சொல்றது. லுவோ வாத்தியார் போன வருஷம் இறந்துட்டாரு. உடம்பைப் புதைக்காம குடுத்துட்டாங்கன்னு தெரிஞ்சா ஊர்ல ஏசுவாங்கன்னுதான் அவங்க வீட்டுல வெறுமனே வாத்தியார்னு சொல்லியிருப்பாங்க."

கெங் பைக்குள் புட்டியை இறுகப் பிடித்தார்.

"தப்பிச்சுட்டான்" என்றார். "கடைசி வரைக்கும் ஒரு வார்த்தை சொல்லாமலே தப்பிச்சுட்டான்."

"சொன்னாரு தாத்தா. சாகறதுக்கு முன்னாடி எங்க வகுப்புக்கு வந்திருந்தாரு. நாங்க அரசாங்கச் செலவுல படிச்சுட்டு கிராமத்து ஆஸ்பத்திரிக்கே திரும்பிப் போறவங்க. அதனால எங்ககிட்டதான் பேசணும்னாரு. ஒரு அம்மா வயித்துல கை வைக்காமலே அனுப்பிட்டாராம். அவங்க செத்த அன்னிக்கு வீட்டு வாசல் வரைக்கும் போயிட்டு, அவங்க வீட்டுக்காரர் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லாம திரும்பிட்டாராம். சொல்லும்போதே அழுதுட்டாரு."

கெங் புட்டியை விட்டுவிட்டுக் கையைப் பையிலிருந்து எடுத்தார்.

"முதல் தடவை வந்திருக்கற நோயாளிக்காகத் தொடுங்க, ரெண்டாவது தடவை அந்த அம்மாவுக்காகத் தொடுங்கன்னு கேட்டுக்கிட்டாரு. அவங்க பேரைச் சொல்லாம எங்கள்ல யாரும் ரெண்டாவது தடவை கை வைக்க மாட்டோம்."

"அதானா என்னமோ முணுமுணுத்தே?"

"ஆமா தாத்தா."

"அந்தப் பேரைக் கொஞ்சம் சத்தமாச் சொல்லும்மா."

"ருன்மேய்" என்றாள் அவள்.