இறங்குமுகம்

மூன்று வேளை போட்ட ஆன்டிபயாடிக் ஊசியை இரண்டாக்கினார்கள், பிறகு ஒன்றாக்கினார்கள். தவசிமுத்துவுக்கு ஒரே பெருமை. பக்கத்துக் கட்டில்காரரிடம், “உங்களுக்கு இன்னும் மூணா அண்ணாச்சி? எனக்கு நோய் இறங்கிட்டு,” என்று துக்கம் விசாரிப்பதுபோலச் சொன்னார். கட்டிலோரம் தொங்கிய சிறுநீர்ப் பையும் இரண்டு நாளாகக் காலிதான். அதையும் நல்ல சேதியில் சேர்த்துக்கொண்டார்.

வராந்தாவில் நர்ஸ் அவர் மனைவி செல்லக்கனியிடம் சொல்லியிருந்தாள்: “கிட்னி மருந்த வெளியேத்த மாட்டேங்குதுக்கா. போட்டது உள்ளயே நிக்குது. அதான் குறைச்சிட்டாங்க.”

“ஏட்டி, நாளைக்கு ஊசியே இருக்காது. வீட்டுக்குப் போக வெள்ளைச் சட்டையத் தேச்சு எடுத்துட்டு வா,” என்றார் அவர்.

மறுநாள் ஊசி இல்லை. செல்லக்கனி சட்டையைத் தேய்த்துக் கொண்டுவந்து, குளுக்கோஸ் பாட்டில் தொங்கும் கம்பியில் மாட்டினாள். பக்கத்துக் கட்டில்காரர் அதைப் பொறாமையோடு பார்த்துக்கொண்டிருந்தார்.