வில்லனுக்குக் கோட்டு பிடிக்கவில்லை

"அவிழ்த்து விடுங்க சார்! அந்தப் பொண்ணு கை நீலம் பூத்துப்போச்சு!"

மேக்கப் அக்கா போட்ட சத்தத்தில் லைட் பிடித்துக்கொண்டிருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். இயக்குநர் மட்டும் திரும்பவில்லை. மானிட்டரில் தெரிந்த முகத்தையே ரசித்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, இது சைக்கலாஜிக்கல் த்ரில்லர். கார் ரிப்பேராகி வழியில நிக்கிற பொண்ணு, உதவி கேட்டு ஒரு வீட்டுக் கதவைத் தட்டறா. அந்த ஆள் அவளை நிலவறையில கட்டிப் போட்டுடறான். இப்ப அவ முகத்துல இருக்கு பாருங்க ஒரு மிரட்சி... அவிழ்த்தா அது போயிடும்."

"அது மிரட்சி இல்ல சார், வலி."

"எதுவா இருந்தா என்ன? கேமராவுக்கு ரெண்டும் ஒண்ணுதான். நீங்க பவுடர் பூசற வேலையைப் பாருங்க."

நாற்காலியோடு சேர்த்துக் கட்டப்பட்டிருந்த பெண்ணுக்கு இது முதல் படம். காலையில் கட்டிய நைலான் கயிறு. எல்லோரும் சாப்பிடப் போனபோதும் அவிழ்க்கவில்லை. அக்காதான் ஸ்பூனால் ஊட்டிவிட்டாள்.

இயக்குநர் அந்தப் பெண்ணிடமே கேட்டார்.

"என்னம்மா, முடியலையா? இப்பவே சொல்லிடு. இந்த வேஷத்துக்கு எத்தனையோ பேர் வாசல்ல நிக்கறாங்க."

"முடியும் சார்" என்றாள் அவள்.

அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கேட்கிற கேள்வியைப் பார்! இப்படிக் கேட்டால் எந்தப் பெண் முடியாது என்று சொல்வாள்?

ஒருவழியாக வில்லன் நடிகர் வந்து சேர்ந்தார். பெரிய ஆள். அவர் வருகிற நேரம்தான் அங்கே எல்லோருக்கும் நேரம். கோட்டு மாட்டிக்கொண்டு வந்து, கட்டிப் போட்ட பெண்ணைச் சுற்றி ஒரு நடை நடந்தார். அவள் எதிரில் கொஞ்சம் நின்றார். பிறகு குனிந்து தன் கோட்டைப் பார்த்தார்.

"என்னய்யா கோட்டு இது?"

துணிமணி பார்க்கிறவர் ஓடி வந்தார். "நேத்தும் இதேதான் சார் போட்டீங்க."

"நேத்து பிடிச்சுது. இன்னிக்குப் பிடிக்கலை. ஆளை அடைச்சு வைக்கறவன் போடற கோட்டா இது? பேண்டு வாசிக்கறவன் போடற கோட்டு!"

"சார், ஒரே ஒரு ஷாட்" என்று கெஞ்சினார் இயக்குநர்.

"வேற கோட்டு தச்சு எடுத்துட்டு வா. அப்புறம் கூப்பிடு."

கோட்டைக் கழற்றித் தரையில் வீசிவிட்டு அவர் நடந்தார். இயக்குநர் பின்னாலேயே ஓடினார். திரும்பி வந்தபோது முகம் தொங்கிப் போயிருந்தது.

"பேக்கப்."

முடிச்சு இறுகிப்போய் அவிழவில்லை. அக்கா கத்தரிக்கோலால் வெட்டினாள். அந்தக் கையைத் தன் மடியில் வைத்துத் தேய்த்துவிட்டாள்.

"நாளைக்கு மறுபடியும் முதல்லேர்ந்தா அக்கா?" என்று கேட்டாள் அந்தப் பெண். அழாமல்தான் கேட்டாள்.

அதற்கு மேல் அக்காவால் பொறுக்க முடியவில்லை. நேரே வில்லனின் கேரவனுக்குப் போனாள். கதவைக்கூடத் தட்டவில்லை.

"நீங்கள்லாம் மனுஷங்கதானா சார்? அந்தாளு ஒரு பொண்ணைக் கட்டிப் போட்டு வேடிக்கை பாக்கறாரு. நீங்க கோட்டுக்குச் சண்டை போட்டு, அவ பட்ட பாட்டையெல்லாம் குப்பையில கொட்டிட்டீங்க. நாளைக்கு மறுபடி கட்டுவாங்க, மறுபடி துடிப்பா. உங்களுக்கென்ன? ஏசியில கால் நீட்டி உக்காந்திருக்கீங்க. பெரிய நடிகராம், பெரிய நடிகர்!"

அவள் மூச்சு வாங்க நிறுத்தியதும் அவர் கேட்டார்.

"விரல் அசையுதாம்மா?"

"என்னது?"

"அந்தப் பொண்ணுக்கு. இடது கை விரலை மடக்க முடியாம இருந்தாளே. இப்ப மடக்கறாளா?"

அக்கா திறந்து கிடந்த கதவைச் சாத்தினாள்.

"மடக்கறா சார்... பார்த்தீங்கன்னா, அவிழ்த்துவிடச் சொல்லியிருக்கலாமே? நீங்க சொன்னா அவர் தட்டுவாரா?"

"தட்டமாட்டான். அவிழ்த்து விட்டுட்டு, 'அந்தப் பொண்ணு தாங்கலை, அவளாலதான் ஷூட்டிங் நின்னுபோச்சு'ன்னு போற இடமெல்லாம் சொல்லுவான். முதல் படத்துலயே அவளுக்கு எதுக்கு அந்தப் பேரு? என்னால நின்னுதுன்னே இருக்கட்டும். எனக்கு ஏற்கெனவே நல்ல பேர் கிடையாது."

"நாளைக்கு?"

"நாளைக்கு இன்னொரு ரகளை. கதைப்படி கட்டறவன் நான்தானே? என் கையாலதான் கட்டுவேன்னு அடம் பிடிப்பேன். சுண்டி இழுத்தா அவிழ்ற முடிச்சு எனக்குத் தெரியும். ஆனா நீங்க வெளியில மூச்சு விடக் கூடாது."

அக்கா படி இறங்கினாள். கீழே யூனிட் மொத்தமும் கூடி நின்றது. அந்தப் பெண்ணும் மணிக்கட்டைத் தடவிக்கொண்டு ஓரமாக நின்றாள்.

"என்னக்கா சொல்றார்?" என்றார் இயக்குநர்.

அக்கா புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"சே! இப்படியொரு திமிர் புடிச்ச மனுஷனை நான் பார்த்ததே இல்ல சார்" என்றாள், எல்லோருக்கும் கேட்கும்படி.