அணைக்காத மைக்

பாடம் நடத்தும்போது ரெஜினா டீச்சர் கழுத்தில் ஒரு மைக்கை மாட்டிக்கொள்வார். அதில் பேசுவது மூன்றாம் வகுப்பு தாட்சாயினியின் காது மெஷினுக்கு மட்டும் நேராக வந்து சேரும். இடையில் சுவர் இருந்தாலும் வரும். செவ்வாய்க்கிழமை மதியம் டீச்சர் அதை அணைக்க மறந்து வெளியே போனார். தாட்சாயினி டிபன் டப்பாவைத் திறந்தபோது காதுக்குள் கழிவறையின் தாழ்ப்பாள் விழுந்தது. பிறகு டீச்சர் யாரிடமோ போனில் பேசினார், வாய்ப்பாடு சொல்லித்தரும் அதே குரலில். "நம்ம ஜெனிய நீங்களே வச்சுக்குங்க. நான் கோர்ட்டுல கேஸ் எதுவும் போட மாட்டேன். அவ கேட்டா, அம்மா வெளியூர்ல வேலையா இருக்காங்கன்னு சொல்லிடுங்க." அதன்பின் வெகுநேரம் தண்ணீர் மட்டும் ஓடியது. திரும்பி வந்த டீச்சர், மைக்கில் எரிந்த பச்சை விளக்கையும் கை வைக்காத தயிர்ச்சோற்றையும் பார்த்தார். கணக்கு நோட்டை எடுக்கச் சொன்னார். மறுநாள் சாப்பாட்டு மணி அடித்ததும் டீச்சரின் விரல் மைக்கின் பொத்தானுக்குப் போனது. தாட்சாயினி டப்பாவைத் திறக்காமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். விரல் கீழே இறங்கியது. விளக்கை எரியவிட்டபடியே, போனை மேஜையிலேயே வைத்துவிட்டு டீச்சர் வெளியே போனார். வராண்டாவில் நடக்கும் செருப்புச் சத்தம் கேட்டது, தாழ்ப்பாள் கேட்டது, பிறகு கொஞ்ச நேரம் மூச்சு மட்டும் கேட்டது. "சாப்பிட்டியா ஜெனி?" இல்லை என்று தாட்சாயினி தலையாட்டினாள். பிறகு டப்பாவைத் திறந்தாள்.