எந்தப் பக்கமும் சாயாத பெயர்

காலை பதினொன்று பத்து. ஆஸ்பத்திரிப் பதிவு ஜன்னலுக்கு உள்ளே எழுத்தர் வேதாசலம் பேனாவைத் திறந்து வைத்துக் காத்திருந்தார்.

"பொண்ணு பேரு?"

நவீத் இரு பக்கமும் பார்த்தான். இடப்பக்கம் அவன் அம்மா சுகரா பேகம். வலப்பக்கம் மாமியார் மரியம்மாள். ஆம்பூர் ஷூ கம்பெனியில் பழகி அவனும் கிறிஸ்டினாவும் கல்யாணம் செய்து இரண்டு வருஷம். இரு வீட்டாரும் ஒரே இடத்தில் நிற்பது இதுதான் முதல் தடவை.

"ஜைனப்னு போடுங்க," என்றார் சுகரா பேகம். "ஏழாம் நாள்தான் வெக்கிறது. இன்னிக்கு நாலுதான். இருந்தாலும் பேரு இல்லாம இருக்கக் கூடாது."

"இன்னா இது? பெத்தவ எங்க பொண்ணு. ஆரோக்கியமேரின்னு எழுதுங்க சார்," என்றாள் மரியம்மாள்.

"கட்டிக்கும்போது எங்கள ஒரு வார்த்த கேட்டாளா உங்க பொண்ணு?"

"உங்க புள்ள வந்து எங்கள கேட்டுட்டானாக்கும்!"

"அம்மி, அத்தை, போதும்." நவீத் ஜன்னல் பக்கம் குனிந்தான். "லீனா. நானும் அவளும் ஆறு மாசமாத் தேடி எடுத்து வெச்ச பேரு."

சுகரா பேகம் உதட்டுக்குள் சொல்லிப் பார்த்தார். "அரபில பேரீச்ச மரம். குர்ஆன்லயே வருது."

"எங்க சின்னம்மா மக்தலேனா. வீட்ல லீனான்னுதான் கூப்டுவோம்," என்றாள் மரியம்மாள்.

"சமஸ்கிருதத்துலயும் இருக்கு," என்றார் வேதாசலம், தலை நிமிராமல். "ஒண்ணாக் கலந்துட்டவன்னு அர்த்தம்."

இரண்டு வருஷத்தில் முதன்முறையாக இரண்டு பெண்களும் சேர்ந்து தலையாட்டினார்கள்.

வேதாசலம் எழுதினார். பெயர் பதிய வருகிறவர்களிடம் 'ஸ்வீட் எங்க?' என்று கேட்காமல் விடாத மனிதர். இன்று கேட்கவில்லை.

கிறிஸ்டினா மாடி வார்டில் ஊசி போட்ட மயக்கத்தில் இருந்தாள். விழித்ததும் அவளிடம் சொல்ல இந்த ஒன்றாவது இருக்கிறது என்று நவீத் நினைத்தான். யாருக்கும் மறுப்பில்லை. எந்தப் பக்கமும் சாயாத பெயர்.

வாசலில் வண்டியை நிறுத்தியிருந்த டிரைவர் உள்ளே வந்து அவன் தோளைத் தொட்டார்.

"பச்சப் புள்ள ஒடம்பு, வெயில்ல வெச்சிருக்கக் கூடாது தம்பி. எங்க விடணும்? கபர்ஸ்தானா, கல்லறையா?"