பெரிய டர்போ

“பெரிய டர்போ போட்டா எவ்வளவு பவர் கூடும் பாய்?” என்று சத்தமாகக் கேட்டான் தமிழ்வாணன்.

சென்னீர்குப்பம் கேரேஜில் அவனுடைய இரண்டு சீட்டு ஸ்போர்ட்ஸ் கார் லிஃப்டில் ஏறி நின்றது.

“நல்லாவே கூடும் சார். ஆனா இந்த வண்டிக்கு அது செட் ஆவுமான்னு கழட்டிப் பாத்துதான் சொல்லணும்” என்று இழுத்தார் மெக்கானிக் இஸ்மாயில்.

“எக்ஸாஸ்ட்டையும் மாத்திடலாமா பிரியா?”

“உங்க இஷ்டங்க” என்று மனைவி கிருஷ்ணப்பிரியா சிரித்தாள். துப்பட்டாவை முறுக்கிக்கொண்டே இருந்தாள்.

அவன் டீ வாங்கப் போனதும் இஸ்மாயிலிடம் ஓடினாள்.

“பாய், டர்போ செட் ஆகாதுன்னு சொல்லிடுங்க, ப்ளீஸ். பைபாஸ்ல இவர் ஆக்சிலேட்டரை மிதிச்சாலே எனக்கு உயிர் போகுது. பொண்ணு பார்க்க வந்தப்ப, இவருக்குப் பிடிக்குமேன்னு ‘எனக்கு ஸ்பீடுன்னா உசுரு’ன்னு சொல்லித் தொலைச்சேன். இப்ப மாத்திச் சொல்ல வாய் வரல.”

இஸ்மாயில் ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

“இன்னாம்மா இது? காலைல சாரும் போன் பண்ணி இதையேதான் சொன்னாரு. இந்த வண்டியே உனக்காகத்தான் வாங்குனாராம். ஓட்டுறப்ப பயத்துல கை வேர்க்குதாம். செட் ஆவாதுன்னு என்னையே சொல்லச் சொன்னாரு.”

தமிழ்வாணன் டீயோடு திரும்பி வந்தான். “பாய் என்ன சொல்றார்?”

“டர்போ வேணாங்க. நல்ல பிரேக்கா மாத்திக்கலாம். எனக்கு வேகம்னா பயம்” என்று முந்திக்கொண்டாள் கிருஷ்ணப்பிரியா.

டீ தளும்ப அவன் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டான்.

“எனக்கும்தான் பிரியா.”