சிவப்புச் சுங்குடி

சான் ஹோசே வீட்டுச் சுவரில் மகன் ஞானசீலன் ஸ்லைடு போட்டுக் காட்டினான். ஆபீஸ் வேலையாக இத்தாலி போனவன், சித்தப்பா கிருபைராஜின் பட்டாளம் இரண்டாம் உலக யுத்த காலத்தில் தங்கிய பாழடைந்த அரண்மனையைத் தேடிப்பிடித்துப் படமெடுத்து வந்திருந்தான். கிருபைராஜ் காணாமல் போனது அங்கேதான்.

"செத்துட்டான்னு காகிதம் அனுப்பிட்டா ஆச்சா? பிணத்தைக் காட்டினானா?" என்றார் சுவிசேஷமுத்து. நாற்பது வருடமாகத் தம்பிக்குக் கல்லறைக் கல் வைக்க அவர் விடவில்லை.

தம்பி பட்டாளத்துக்குக் கிளம்பியபோது அம்மா தன் சிவப்புச் சுங்குடிச் சேலையை இரண்டாகக் கிழித்து அண்ணன் தம்பி இருவருக்கும் ஆளுக்கொரு பாதி கொடுத்தாள். "சேர்ந்து வாங்கடா, தைச்சுக் கட்டிக்கிறேன்" என்றாள். கட்டாமலே போய்ச் சேர்ந்தாள். அவருடைய பாதி இப்போதும் குளிருக்கு அவர் கழுத்தைச் சுற்றியிருந்தது.

அடுத்த ஸ்லைடில், அரண்மனை மாடி ஜன்னலில் பாதிச் சுங்குடி காய்ந்துகொண்டிருந்தது. கீழே சுவர் நனைந்திருந்தது.

"யார்றா துணி காயப்போட்டது?"

"தெரியலப்பா. வாருக்கப்புறம் உள்ளே யாருமே இல்லையாம். எனக்காகத்தான் கேட்டை ஓப்பன் பண்ணாங்க."

"புளுகுறானுங்க. அடுத்ததைப் போடு."

அதே ஜன்னல். முழுச்சேலை தொங்கியது. நடுவில், அம்மா எப்போதும் எடுக்கிற கறுப்பு நூலில் தைத்திருந்தது.

சுவிசேஷமுத்து கழுத்தைத் தடவினார். வெறுங்கழுத்துதான் இருந்தது.

"ஊருக்கு எழுதி, தம்பிக்குக் கல் வைக்கச் சொல்லுடா" என்றார். "பக்கத்துல இடம் விடச் சொல்லு."