இந்த வாரத்து மனு

பிறந்து சில நாளே ஆன பெண் குழந்தையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு, பாகூர்ப் பக்கத்து ஊர்க்காரி தேவி, சிறை வாசலில் வெயிலில் நிற்கிறாள். உள்ளே இருக்கும் புருஷன் ஆண்டனிக்குக் குழந்தை பிறந்ததே தெரியாது. தன் வாயால் சொல்ல வேண்டுமென்று வந்திருக்கிறாள். கைதியை வாரத்துக்கு ஒருவர்தான் மனு போட்டுப் பார்க்கலாம். அப்போது பார்த்து வெள்ளைக் கார் வந்து நிற்கிறது. கஞ்சி போட்ட வேட்டி முதலில் இறங்குகிறது, பின்னாலேயே தொகுதிச் செயலாளர் சுப்பராயலு இறங்குகிறார். அவர் பேனரைக் கிழித்தவனை அடித்துத்தான் ஆண்டனி உள்ளே போனான். அந்தப் பேனரில் இருந்த அதே சிரிப்பு இப்போதும் அவர் முகத்தில் ஒட்டியிருக்கிறது. “பச்ச ஒடம்போட நீ ஏம்மா அலையிற? நான் பாத்துத் தைரியம் சொல்லிட்டு வரேன்.” “ஐயா, நானே…” என்று அவள் தொடங்குவதற்குள் அவர் பின்னால் சிறைக் கதவு சாத்திக்கொள்கிறது. அவர் கொண்டுவந்த, உள்ளே அனுமதி இல்லாத பொன்னாடை காவலரின் மேசைமேல் பளபளக்கிறது. குழந்தை பாலுக்கு முனகுகிறது. செயலாளர் வெளியே வந்ததும் அவரோடு காரில் வந்த போட்டோக்காரன் பொன்னாடையை எடுத்துக் குழந்தைமேல் போர்த்துகிறான். “அவரு இன்னா சொன்னாருங்க ஐயா?” “அவன எங்க பேச வுட்டேன்? ஒனக்குச் சிங்கக்குட்டி பொறந்திருக்கான்டா, என் பேரையே வச்சிட்டேன்னேன். கம்பியப் புடிச்சிக்கினு அழுதுட்டான்.” “பொண்ணுங்க ஐயா.” கேமராவிலிருந்து கண்ணை எடுக்காமல் செயலாளர் சொல்கிறார்: “அடுத்த வாரம் நீயே பக்குவமா சொல்லிடு. இப்ப கொஞ்சம் சிரிம்மா.”